ஒரே பெயர் இருந்த பக்கம்

2022 நவம்பர் 8 அன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஒரு வாக்குச்சாவடியில் வேலை பார்த்தேன். காலை 7 முதல் மாலை 7 வரை அடையாள அட்டையைச் சரிபார்ப்பதும், தொடுதிரையில் குறித்து அச்சான வாக்குச்சீட்டை ஸ்கேனரில் போட வழிகாட்டுவதும்தான் வேலை.

ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் மெக்மாஸ்டருக்கும் ஜனநாயகக் கட்சியின் கன்னிங்ஹாமுக்கும் போட்டி. ஆனால் மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் ஆலன் வில்சன் பெயர் மட்டும்தான். அதன் கீழே வேறு பெயரை எழுத ஓர் இடம். "ஒருத்தர்தானே இருக்கார், அப்புறம் எதுக்கு ஓட்டு?" என்று பலர் கேட்டார்கள். விரும்பினால் குறிக்கலாம், எழுதலாம், காலியாக விடலாம் என்பதற்கு மேல் நாங்கள் பேசக் கூடாது. இந்தியாவில் எதிர்த்து நிற்க ஆள் இல்லையென்றால் வாக்குப்பதிவே நடக்காது, இங்கே நடந்தது.

சாதாரணப் பதவியா அது? மாநிலத்தின் தலைமை அரசுத் தரப்பு வழக்கறிஞர். நாடே கவனித்த மர்டாக் கொலை வழக்கு அப்போது அந்த அலுவலகத்தின் கையில்தான் இருந்தது. 2006-இல் இதே பதவிக்கு மெக்மாஸ்டரும் போட்டியின்றித்தான் வென்றார்.

ஜனநாயகக் கட்சி இங்கே மாநில அளவிலான பதவி எதையும் 2006-க்குப் பிறகு வென்றதில்லை. தோற்பது உறுதி என்றால் பணத்தையும் நேரத்தையும் போட யார் வருவார்கள்? அது புரிகிறது. ஆனால் எதிராளி இல்லாவிட்டால் விவாத மேடையும் இல்லை, பதவியில் இருப்பவர் முன்பு எடுத்த முடிவுகளைக் கிளறிக் கேட்கவும் ஆள் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். அதே நாளில் போட்டியின்றி வென்ற இன்னொருவர் மாநிலக் கணக்குத் தலைவர் எக்ஸ்ட்ராம். சில மாதங்களில், பல ஆண்டுகளாகக் கணக்கில் தொடர்ந்த 350 கோடி டாலர் பிழை வெளிவந்து, 2023-இல் அவர் பதவி விலகினார். எதிராளி இருந்திருந்தால் அது முன்பே தெரிந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கேட்பதற்காவது ஒருவர் இருந்திருப்பார்.

வில்சனை எதிர்த்து ஒருவர் நின்றது ஜூனில், குடியரசுக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில். இங்கே வாக்காளர் கட்சியில் பதிந்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தேர்தலில் யாரும் வாக்களித்திருக்கலாம். எங்கள் வட்டாரத் தமிழ் நண்பர்களில் பெரும்பாலோர் நவம்பரில் மட்டும்தான் வருகிறார்கள். மார்ச்சில் மனுத்தாக்கல் முடிந்ததும் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, ஜூனிலும் வாருங்கள் என்று இப்போது அவர்களிடம் சொல்லி வருகிறேன்.