தியானத்தில் தூக்கம் வரும்போது

பௌத்த தியானத்தை நாள்தோறும் பழக விரும்புவோருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் நேரத்தையும் இடத்தையும் பற்றியவை. ஒரே வேளையில் அமருங்கள், ஒரே இடத்தில் அமருங்கள், தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும் என்பார்கள். இவை நல்ல அறிவுரைகளே. நானும் இவற்றைப் பின்பற்றுகிறேன். ஆயினும் பலர் தியானத்தைக் கைவிடுவதற்கு நேரமின்மை உண்மையான காரணம் அல்ல என்பது என் எண்ணம். அமர்ந்த சிறிது நேரத்தில் தலை தொங்கத் தொடங்குகிறது, அல்லது மனம் எங்கோ போய்விடுகிறது. இது நமக்கு வராது என்று முடிவுகட்டி எழுந்துவிடுகிறார்கள். அந்த வேளையில் செய்ய வேண்டியது என்ன என்று அறிந்தவர்களிடமே பழக்கம் நிலைக்கிறது. பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்கள் இதை மிகுந்த அக்கறையோடு விளக்கியிருக்கின்றன.

மூச்சைக் கவனிக்கும் தியானத்துக்கு மூலமான ஆனாபானசதி சூத்திரம், புத்தரின் உரைத் தொகுப்புகளுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் 118ஆவது சூத்திரமாக உள்ளது. கால்களை மடித்து, உடலை நிமிர்த்தி அமர்ந்து, நீண்ட மூச்சை இழுக்கும்போது நீண்ட மூச்சை இழுக்கிறேன் என்றும், குறுகிய மூச்சை விடும்போது குறுகிய மூச்சை விடுகிறேன் என்றும் அறிவதே அதன் தொடக்கம். பிராணாயாமத்தில் பழகியவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூச்சை நீட்டவோ அடக்கவோ இச்சூத்திரம் சொல்லவில்லை. மூச்சு எப்படி இருக்கிறதோ அப்படியே அறியச் சொல்கிறது. சொல்வதற்கு எளிதான இந்தச் செயலில்தான் மனம் நழுவுகிறது.

நழுவும் மனத்துக்கு மூச்சுகளை எண்ணுவதைத் துணையாகத் தருகிறார் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் அவர் எழுதிய விசுத்திமக்கம் என்னும் தியான நூலில், எண்ணிக்கை ஐந்துக்குக் குறையவும் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது என்கிறார். ஐந்துக்குள் முடித்தால் மனம் நெருக்கடியில் தத்தளிக்கும்; பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பற்றிக்கொள்ளும். பழகிப் பார்த்தால் இதன் பொருத்தம் விளங்கும். எண் மட்டும் தானாக ஓடிக்கொண்டிருக்க, மூச்சு எப்போதோ கவனத்திலிருந்து விடுபட்டிருப்பதைப் பத்துக்குமேல் போகும்போதெல்லாம் நான் காண்கிறேன். அப்போது மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவதும் பயிற்சியின் பகுதிதான்.

தூக்கத்தைப் பற்றிய அறிவுரையோ எனக்கு மிகவும் நெருக்கமானது. புத்தரின் தலைமைச் சீடர்களுள் ஒருவரான மகா மொக்கல்லானர் மகத நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தியானத்தில் அமர்ந்தபடி தூங்கி விழுந்துகொண்டிருந்தார் என்றும், புத்தர் அவர் முன் தோன்றி அறிவுரை கூறினார் என்றும் மற்றோர் உரைத் தொகுப்பான அங்குத்தர நிகாயம் சொல்கிறது. அதில் கண்டனம் இல்லை. ஒன்று பயனளிக்காவிட்டால் அடுத்தது என்ற வரிசையில் வழிகள் மட்டுமே உள்ளன. எந்த நினைப்பில் இருக்கும்போது தூக்கம் வந்ததோ அதை விட்டுவிடு. கேட்ட தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையை, சிந்தித்துப் பார். அதை விரிவாக ஓது. இரு காதுகளையும் இழுத்து, கைகால்களைத் தேய்த்துவிடு. எழுந்து கண்களைத் தண்ணீரால் கழுவி, திசைகளைப் பார், விண்மீன்களை அண்ணாந்து பார். இரவிலும் பகலைப் போன்ற ஒளியை மனத்தில் நிறுத்து. முன்னும் பின்னுமாக நட. இவ்வளவுக்குப் பிறகும் தூக்கம் போகவில்லையென்றால், எழ வேண்டும் என்ற நினைவோடு வலப்பக்கமாகப் படுத்துக்கொள்ளலாம். பெரிய ஞானி என்று போற்றப்படுபவருக்கே தூக்கம் வந்தது என்பதை நூல் மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்கு ஆழ்ந்த ஆறுதலைத் தருகிறது. காதைப் பிடித்து இழுப்பதும் முகம் கழுவுவதும் தியானத்துக்குப் புறம்பானவை அல்ல என்று இதைப் படித்த பிறகு ஐயமின்றி ஏற்றுக்கொண்டேன்.

சோர்வும் தூக்கமும், தியானத்துக்கு இடையூறாகப் பௌத்தம் சொல்லும் ஐந்து தடைகளுள் ஒன்று. புலனின்ப வேட்கை, பகைமை, அமைதியின்மையும் மனவருத்தமும், ஐயம் ஆகியவை மற்றவை. இவற்றுள் ஐயமே பழக்கத்தை முழுவதுமாக நிறுத்திவிடும் ஆற்றல் கொண்டது என்று நினைக்கிறேன். மற்றவை அன்றைய அமர்வைத்தான் கெடுக்கும்.

முயற்சி மிகுந்தாலும் பழக்கம் முறியும். கால்களில் குருதி வடியும் அளவுக்கு நடைத் தியானம் செய்து மனம் தளர்ந்த சோணர் என்ற துறவியிடம், வீணையின் நரம்பு மிக இறுகியிருந்தாலும் மிகத் தளர்ந்திருந்தாலும் இசை எழுமா என்று புத்தர் கேட்டார். பத்து நாள் விபாசனா தியான முகாம் முடித்துத் திரும்புவோர் பலருக்கு இக்கேள்வி பொருந்தும். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் அமருமாறு இம்முகாம்களைப் பரப்பிய ஆசிரியர் எஸ். என். கோயங்காவின் மரபில் சொல்லி அனுப்புகிறார்கள். இயன்றவர்கள் அவ்வாறே செய்யட்டும். இயலாதவர்கள் முழுவதையும் விட்டுவிடுவதைக் காட்டிலும் கால் மணி நேரம் அமர்வது எவ்வளவோ மேல்.

உடல் மிகவும் களைத்திருக்கும் நாளில் அமர்வதற்கு மாறாக நடப்பதே என் வழக்கம். பாதம் எழுவதையும், முன்னே நகர்வதையும், தரையில் படிவதையும் கவனித்தபடி சிறு தொலைவில் திரும்பத் திரும்ப நடக்கிறேன். அதுவும் முடியாமல் ஒரு நாள் விட்டுப்போனால், ஈடுகட்டுவதற்காக மறுநாள் இருமடங்கு அமர்வதில்லை. வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவுக்கே அமர்கிறேன்.