லூப் போடச் சொன்னார்கள்

மறுநாள் காலை கட்டிடத்தை ஒப்படைக்க வேண்டும். மாடி டி.பி.யில், அதாவது கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டியில், ஆர்.சி.சி.பி. மட்டும் நிற்க மாட்டேன் என்றது. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அது. ஒன்றிரண்டு விளக்கு வரை தாங்கும். கொஞ்சம் லோடு ஏறினால் டக்கென்று விழும்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். “தம்பி, இதோட மல்லுக்கட்டாதே. லூப் போட்டு விடு, அப்புறம் பார்த்துக்கலாம். அதான் எம்.சி.பி. இருக்குல்ல?”

லூப் என்றால் ஆர்.சி.சி.பி.க்குள் போகும் வயரையும் வெளியே வரும் வயரையும் நேராகச் சேர்த்துவிடுவது. பார்க்க எல்லாம் இருக்கும், வேலை மட்டும் செய்யாது. வேலை கற்றுக்கொண்ட நாட்களில் நானும் ஒரு வீட்டில் இப்படிப் போட்டிருக்கிறேன். மேஸ்திரி சொன்னார், போட்டேன். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

எம்.சி.பி. என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் விழும் சுவிட்ச்; அது வயரைக் காக்கும், ஆளைக் காக்காது என்று சொல்லிப் பார்த்தேன். ஹீட்டரில் கசிவு இருந்து ஒருவர் உடல் வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தால் ஆர்.சி.சி.பி. நொடிக்குள் துண்டித்துவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. அவர் காதில் ஏறவில்லை. நாலு பேர் முன்னால் குரலை உயர்த்தினார். “முடியாதுன்னா சொல்லு, வேற ஆளை வச்சுக்கிறேன்.”

கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். வாதம் செய்து பயனில்லை என்று டெஸ்ட் ரிப்போர்ட் தாளை நீட்டினேன். “சரி சார். ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் பண்ணச் சொன்னதா ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுடுங்க.” அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பேனாவைத் தொடவில்லை. அந்த இடைவெளியில்தான் மூன்று மணி நேரம் கேட்டேன். முறைத்துவிட்டுப் போனார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மெயினை ஆஃப் செய்து பூட்டினேன். நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் தனியாகக் கழற்றி, எர்த்துக்கும் அதற்கும் நடுவே 500 வோல்ட்டில், இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் மீட்டரைப் போட்டேன். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் அதைவிடப் பல மடங்கு காட்டின. ஒன்று மட்டும் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. அந்த லைனில் இருந்த சுவிட்ச் பாக்ஸ் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஐந்தாவதில், மூடியை இறுக்கிய நீள ஸ்க்ரூ நியூட்ரல் வயரைக் கிழித்து இரும்புப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. லோடு போட்டதும் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியே போயிருக்கிறது. கழுதை, அரை அங்குல ஸ்க்ரூ போதுமான இடம்!

வயரை மாற்றி, மறுபடி மெக்கர் போட்டு, டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பார்த்து முடித்தபோது மூன்று மணி நேரம் ஆகவில்லை. சூப்பர்வைசர் ஒரு வார்த்தை பேசாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

சும்மா இருந்த அந்த நாட்களில்தான், மேஸ்திரி சொல்லி லூப் போட்ட அந்தப் பழைய வீட்டுக்குப் போனேன். நான் சுற்றிய டேப்கூட அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். நான் போட்டதுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. “செக்கிங்” என்று சொல்லிவிட்டு லூப்பைக் கழற்றினேன்.