ஸ்டீவ் டேவிஸின் நேர் அடி: பழகிப் பார்த்த குறிப்புகள்

ஸ்டீவ் டேவிஸ் உலக ஸ்னூக்கர் பட்டத்தை ஆறு முறை வென்றவர்: 1981, 1983, 1984, 1987, 1988, 1989. யு.கே. சாம்பியன்ஷிப்பும் ஆறு முறை. தரவரிசைப் போட்டிகளில் மொத்தம் 28 பட்டங்கள். க்யூ (ஸ்னூக்கர் கோல்) பிடித்துப் பழகுகிறவர்களுக்கு இந்தப் பட்டியலைவிட, இது எதன் மேல் எழுந்தது என்பதுதான் முக்கியம். மற்ற ஆட்டக்காரர்களான அலெக்ஸ் ஹிக்கின்ஸையும் ஜிம்மி ஒயிட்டையும் பார்த்து வியக்கலாம், பழக முடியாது. டேவிஸைப் பார்த்துப் பழகலாம். அவருடைய ஆட்டம் முழுவதும் ஒரே ஒரு நேர் அடியின் மேல் நிற்கிறது. அந்த அடியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சரிபார்த்து, மறுபடி சேர்த்துவிடலாம். அப்படிச் செய்து பார்த்ததில் கிடைத்தவை இவை.

1957-ல் லண்டன் பிளம்ஸ்டெட்டில் பிறந்த டேவிஸுக்குக் க்யூ பிடிக்கச் சொல்லித்தந்தவர் அப்பா பில். பில்லுக்கு வழிகாட்டியாக இருந்தது ஜோ டேவிஸ் எழுதிய பயிற்சி நூல். ஜோ, 1927-க்கும் 1946-க்கும் இடையில் 15 முறை உலகச் சாம்பியன். பெயர் ஒன்றானாலும் இவர்களுக்குள் உறவு கிடையாது. ரோம்ஃபோர்டில் பாரி ஹெர்னின் கிளப்பில் ஸ்டீவின் ஆட்டம் முற்றியது. 1978-ல் தொழில்முறை ஆட்டக்காரரானார், 1980 யு.கே. இறுதியில் ஹிக்கின்ஸை 16-6 என்று வென்றார். பட்டங்கள் குவிந்த பிறகும் ஃபிராங்க் கேலன் என்ற பயிற்சியாளரிடம் போய் அடியை மறுபடி திருத்திக்கொண்டார். சாம்பியனே அடிப்படைக்குத் திரும்பிப் போகிறார் என்றால், கிளப் ஆட்டக்காரர் அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

டேபிளும் டிப்பும்

முழு அளவு டேபிளில் ஆடும் பரப்பு 3569 மி.மீ. நீளம், 1778 மி.மீ. அகலம். தொடக்கப் பக்கத்தில் குறுக்கே போகும் பால்க் கோடு கீழ்க் குஷனிலிருந்து (ரப்பர் விளிம்பு) 737 மி.மீ., பிளாக் பந்து வைக்கும் புள்ளி மேல் குஷனிலிருந்து 324 மி.மீ. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அளவுகளிலிருந்து வந்தவை. சின்ன டேபிளில் ஆடுகிறவர்கள் அந்த விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்குமுன் மார்க்கரிடம் (டேபிளைக் கவனிக்கும் கிளப் ஊழியர்) துணியைப் பிரஷ் போடச் சொல்லவும், பால்க்கிலிருந்து பிளாக் பக்கமாக மட்டும். துணியின் மயிர் அந்தத் திசையில்தான் படிந்திருக்கும். நடுப் பாக்கெட்டுக்கு மெதுவாக உருளும் பந்து கடைசியில் பிளாக் பக்கம் கொஞ்சம் இழுபடுவது இதனால்தான். இது தெரியாமல் நல்ல அடியைக் கெட்ட அடி என்று நினைத்துத் திருத்தப் போனால், இருப்பதும் கெடும்.

க்யூ முனையில் இருக்கும் டிப் 9.5 மி.மீ. போதும். மேல்பரப்பு பளபளத்துப் போயிருந்தால் சாக் பிடிக்காது, ஸ்க்ரூ (அடித்த பந்தைப் பின்னால் திரும்ப வைக்கும் அடி) அடிக்கும்போது வழுக்கும். லேசாக உரசிச் சொரசொரப்பாக்கிவிட்டு ஆரம்பிக்கவும்.

புள்ளிகள் மேல் போய்வரும் அடி

டேவிஸ் வழிப் பயிற்சியில் முதல் பாடம் பாக்கெட்டே இல்லாத பாடம். ஒயிட்டை, அதாவது க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தை, பிரவுன் புள்ளியில் வைத்து, ப்ளூ, பிங்க், பிளாக் புள்ளிகளின் மேலாக ஓடி மேல் குஷனில் பட்டு அதே கோட்டில் திரும்பி டிப்பைத் தொடும்படி அடிக்க வேண்டும். போய்வர ஐந்தரை மீட்டருக்கு மேல். பார்க்க எளிது. ஆனால் அடியில் உள்ள குற்றம் எதையும் இது மறைக்காது.

விலகல் எங்கே தொடங்குகிறது என்று கவனிக்க வேண்டும். ஏறும்போதே பந்து பிங்க் புள்ளியை விட்டு விலகினால் க்யூ கோட்டில் போகவில்லை. குஷன்வரை நேராகப் போய், பட்ட பிறகு விலகினால் குறி சரி, டிப் பட்ட இடம் தவறு. தெரியாமல் சைடு (பக்கச் சுழல்) ஏறியிருக்கிறது. திரும்பும் பந்து நமக்கு வலது பக்கம் வந்தால் டிப் நடுவுக்கு வலப்புறம் பட்டிருக்கிறது, இடது பக்கம் வந்தால் இடப்புறம். இந்த இரண்டு குற்றத்துக்கும் மருந்து வேறு வேறு. பலர் எல்லாவற்றுக்கும் நிற்கும் நிலையை மாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எதுவும் நிலைப்பதில்லை.

டிப் நடுவைத் தவறவிடுவதற்கு முதல் காரணம் பிடி. அடிக்கும் கணத்தில் விரல்கள் இறுகினால் மணிக்கட்டு திரும்பி, க்யூ முனை ஓரமாகப் போய்விடும். பின்னால் இழுக்கும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் தளர்ந்து திறக்க வேண்டும். அடி முடிந்த பிறகுதான் மூட வேண்டும். இரண்டாவது காரணம் முழங்கை. டிப் ஒயிட்டை ஒட்டி நிற்கும்போது முன்கை தரைக்குச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். முழங்கை கதவுக் கீல் மாதிரி ஓரிடத்தில் நிற்க, முன்கை மட்டும் ஆட வேண்டும். க்யூவின் பின்பகுதியைப் பிடித்தால் முன்கை பின்பக்கம் சாய்ந்து, டிப் பந்தைச் சேருமுன் மேலே எழத் தொடங்கும்.

போனை மேல் குஷனுக்கு வெளியே, பிளாக் புள்ளிக்கு நேராக, க்யூ உயரத்தில் நிறுத்தி வீடியோ எடுத்தால் அரை நாள் சந்தேகம் ஐந்து நிமிடத்தில் தீரும். தாடை க்யூவைத் தொட்டபடி இருக்கிறதா, க்யூ முகத்தின் நடுவில் ஓடுகிறதா, அடித்த பிறகு தலை எழுகிறதா என்று மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். க்யூ முகத்தின் நடுவிலேயே ஓட வேண்டும் என்று சட்டமில்லை. ஜோ டேவிஸுக்கு இடக்கண் பலம். அவர் க்யூவை இடக்கண்ணுக்குக் கீழேதான் வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் அதே இடத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நீள நேர் ப்ளூ

மேலே சொன்னது கைகூடிய பிறகு இது. ப்ளூவை அதன் புள்ளியில் வையுங்கள். ஒரு மூலைப் பாக்கெட்டிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் குறுக்குக்கோடு ப்ளூ புள்ளி வழியாகத்தான் போகும். அந்தக் கோடு பால்க் கோட்டை வெட்டுமிடம் பக்கக் குஷனிலிருந்து சுமார் 367 மி.மீ.; அதாவது பால்க் கோட்டை ஒட்டிய அரைவட்டமான ‘டி’க்கு வெளியே. ஒயிட்டை அங்கே வைத்தால் மேல் மூலைக்கு நேர் பாட் (பந்தைப் பாக்கெட்டில் போடும் அடி). இடத்தைக் குறிக்கத் துணியில் பென்சிலோ சாக்கோ வேண்டாம். ஃபைல் தாளின் துளையைச் சுற்றி ஒட்டும் சின்ன வளையம் போதும், தடம் விடாது.

ஒயிட்டுக்கும் ப்ளூவுக்கும் இடையே 1170 மி.மீ.; ப்ளூவிலிருந்து மூலைக்கு இரண்டு மீட்டர். பந்தின் விட்டம் 52.5 மி.மீ. கணக்குப் போட்டால், ஒயிட் முழுப் பந்தாகப் படாமல் ஒரு மி.மீ. ஓரமாகப் பட்டாலே பாக்கெட் வாயில் ப்ளூ 38 மி.மீ. விலகி நிற்கும். பாக்கெட் வாய் சுமார் மூன்றரை அங்குலம், பந்து இரண்டு அங்குலத்துக்கும் கொஞ்சம் மேல். ஆகவே நமக்குக் கிடைக்கும் சலுகை பந்து படுமிடத்தில் இருபுறமும் அரை மி.மீ. மட்டும்தான். நேர் அடிக்கு ஏன் இத்தனை வருடம் கொடுத்தார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

முதலில் ஸ்டன். ப்ளூ விழ, ஒயிட் ப்ளூ நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் ஓடுவதால் வழியில் துணியின் உராய்வு பின்சுழலைத் தின்றுவிடும். நடுவில் அடித்தால் ஒயிட் உருண்டுகொண்டே போய் ப்ளூவைத் தொடரும். ஆகவே நடுவுக்குக் கீழே அடிக்க வேண்டும், மெதுவாக அடித்தால் இன்னும் கீழே. நின்ற ஒயிட் அதே இடத்தில் பம்பரமாகச் சுழன்றால் சைடு ஏறியிருக்கிறது. ப்ளூ விழுந்தாலும் அந்த அடி தேறவில்லை என்றே வையுங்கள். ஸ்டன் பத்துக்கு ஏழு தேறிய பிறகு ஃபாலோ (ஒயிட் ப்ளூவின் பின்னால் தொடர்ந்து போகும் அடி), அதற்குப் பிறகு ஸ்க்ரூ. ஸ்க்ரூவுக்கு அவசரப்பட்டால், பந்தைப் பின்னால் இழுக்கும் ஆசையில் க்யூவையே பின்னால் இழுப்பார்கள். டிப் ஒயிட்டைத் தாண்டிப் போகாத ஸ்க்ரூவில் சுழல் இருக்காது.

இங்கேதான் டேவிஸின் நிறுத்தம் வேலை செய்கிறது. பின்னிழுத்த க்யூ முன்னே வருமுன் ஒரு கணம் நிற்கும். பழைய ஆட்டங்களை ஒலியில்லாமல் ஓட்டிப் பாருங்கள், தெளிவாகத் தெரியும். பின்னிழுப்பும் முன்தள்ளலும் வேறு வேறு தசைகளின் வேலை. நிறுத்தாமல் திரும்பும் கை வெட்டிழுத்துத் திரும்பும், அந்த வெட்டில்தான் க்யூ கோட்டை விட்டுப் போகும். கண்ணுக்கும் அந்தக் கணம் தேவை: ஒயிட்டிலிருந்து எழுந்து ப்ளூவில் பதிய நேரம் வேண்டும். பழகும்போது நிறுத்தத்தை மிகைப்படுத்திச் செய்யலாம். ஆனால் நிறுத்தத்தில் கை விறைத்துவிட்டால் பலன் போயிற்று. பின்னிழுப்பு மெதுவாக இருந்தால் நிறுத்தம் தானாக வரும். வேகமாக இழுத்துவிட்டுத் திடீரென நிறுத்துவது வேறு நோய்.

இப்படிக் கட்டிய அடி வயதானாலும் கையை விட்டுப் போவதில்லை என்பதற்கு டேவிஸின் பிற்கால ஆட்டமே சாட்சி. 1997 மாஸ்டர்ஸ் இறுதியில் ரானி ஓ’சல்லிவனிடம் 4-8 எனப் பின்தங்கி, தொடர்ந்து ஆறு ஃப்ரேம் (போட்டிக்குள் ஒரு தனி ஆட்டம்) எடுத்து 10-8 என்று வென்றார். 2010-ல், 52 வயதில், நடப்புச் சாம்பியன் ஜான் ஹிக்கின்ஸை உலகப் போட்டியில் 13-11 என்று வெளியேற்றினார். 2016 ஏப்ரலில்தான் ஓய்வை அறிவித்தார்.

மெல்லிய வெட்டு, 1985

அந்த ஆண்டு ஷெஃபீல்டில் டென்னிஸ் டெய்லருக்கு எதிரான உலகப் பட்ட இறுதி ஆட்டம். டேவிஸ் 8-0 என்று முன்னிலை, பிறகு 17-17. கடைசி ஃப்ரேமில் டெய்லர் 44, டேவிஸ் 62. மேசையில் பிரவுன், ப்ளூ, பிங்க், பிளாக். முதல் மூன்றையும் டெய்லர் போட்டார், 59. எல்லாம் பிளாக்கில் வந்து நின்றது. மாறி மாறி ஆடியபின் டேவிஸுக்கு மேல் மூலைக்கு ஒரு மெல்லிய வெட்டு கிடைத்தது. தேவைக்கு மேல் மெல்லிசாகப் பட்டுத் தவறியது. டெய்லர் போட்டார், 66-62. பிரிட்டனில் 1.85 கோடிப் பேர் பார்த்தார்கள்.

‘பதற்றம்’ என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவது நியாயமில்லை. பிளாக்கைப் புள்ளியில் வைத்து, ஒயிட்டைப் பிங்க் புள்ளியில் வைத்து மேல் மூலைக்கு வெட்டிப் பாருங்கள். இது அந்த இறுதியில் வந்த அதே பந்து அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். வெட்டுக் கோணம் சுமார் 75 டிகிரி. பாக்கெட் ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில்தான். ஆனாலும் படுமிடத்தில் ஒரு மி.மீ. பிழை, பாக்கெட்டில் 70 மி.மீ. ஆகிறது. பாதித் தூரத்தில் இருந்துகொண்டே நீள நேர் ப்ளூவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கடினம்.

பழகும்போது வரும் பிழைகளுக்கு இரண்டு வேர். ஒன்று, கீழே குனிந்த பிறகு குறியை மாற்றுவது. நின்றபடி கோட்டைப் பார்த்து, அந்தக் கோட்டின் மேலேயே குனிய வேண்டும். சந்தேகம் வந்தால் எழுந்து மறுபடி குனிய வேண்டும். இன்னொன்று, மெல்லிய வெட்டு என்றதும் மெதுவாக அடிப்பது. ஒயிட்டின் வேகத்தில் சிறு பங்குதான் பிளாக்குக்குப் போகும் என்பதால் அது பாக்கெட்டை எட்டாமலே நிற்கும். நடுத்தர வேகம், சைடு இல்லாமல்.

லைன்-அப்

1982 ஜனவரி 11, ஓல்ட்ஹாமில் நடந்த லாடா கிளாசிக்கில் ஜான் ஸ்பென்சருக்கு எதிராக டேவிஸ் அடித்தது தொலைக்காட்சியில் பதிவான முதல் அதிகாரபூர்வ 147, அதாவது எல்லா ரெட்டோடும் பிளாக்கை எடுத்தால் வரும் முழு எண்ணிக்கை. பரிசாக ஒரு லாடா கார். பிரேக் கட்ட (விடாமல் தொடர்ந்து பந்து போட்டுப் புள்ளி சேர்க்க) பழக அந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டாம்.

லைன்-அப் பயிற்சி இதுதான்: வண்ணப் பந்துகளை அவற்றின் புள்ளிகளில் வைத்து, பிளாக்குக்கு மேலே மூன்று ரெட், பிளாக்குக்கும் பிங்க்குக்கும் நடுவே ஐந்து ரெட், ஒரே கோட்டில். இதில் அதிகபட்சம் 91. பிளாக்-பிங்க் இடையில் ஐந்தையும் சமமாக வைத்தால் இடைவெளி நாலு சென்டிமீட்டர்தான்; ஒயிட் நுழையாது. அதனால் ரெட்கள் சுவராகி, எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை ஒவ்வொரு பாட்டிலும் முன்கூட்டி யோசிக்க வைக்கும். ஒயிட்டை எங்கு வேண்டுமானாலும் வைத்துத் தொடங்கலாம். வேறு பந்தில் இடித்தால் நிறுத்திவிட்டு மறுபடி அடுக்கவும். இந்த விதியைத் தளர்த்தினால் பயிற்சி வெறும் பாட் அடிப்பதாகிவிடும். இது தொடர்ந்து முடிகிறது என்றானபின் பிங்க்குக்கும் ப்ளூவுக்கும் நடுவே மீதி ஏழு ரெட்டைச் சேர்த்தால் முழு 15.

தொடர் பெரும்பாலும் அறுந்துபோவது பிளாக்குக்கு நேர்க்கோட்டில் போய் நிற்கும்போது. நேராக நின்றால் ஒயிட்டை அந்தக் கோட்டிலேயே முன்னும் பின்னும்தான் கொண்டுபோகலாம், அடுத்த ரெட்டுக்குப் பக்கவாட்டில் வர வழியில்லை. ஆகவே ரெட்டைப் போடும்போதே பிளாக்குக்குக் கொஞ்சம் கோணம் விட்டு நிற்கும் வேகத்தைப் பழகுங்கள். அந்தக் கோணம் இருந்தால் மெதுவான அடியே போதும்.

பால்க்குக்குத் திரும்புவது

டேவிஸிடம் தோற்றவர்களில் பலர் பாட்டில் தோற்கவில்லை, பால்க் குஷனில் ஒட்டி நின்ற ஒயிட்டிடம் தோற்றார்கள். இதற்கு, ஃப்ரேமைத் தொடங்கும் பிரேக்-ஆஃப் அடியே நல்ல பயிற்சி. ஒயிட்டைப் பிரவுனுக்கும் யெல்லோவுக்கும் நடுவே வைத்து, ரெட் கூட்டத்தின் வலது ஓர ரெட்டில் பந்தின் நாலில் ஒரு பங்கு மட்டும் படும்படி, வலது சைடோடு அடிக்கவும். ஒயிட் மேல் குஷன், வலது குஷன், இடது குஷன் என்று பட்டு கிரீனுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். தடிமனாகப் பட்டால் வேகமெல்லாம் ரெட்களுக்குப் போய், ஒயிட் வழியிலேயே நின்றுவிடும், கூட்டமும் சிதறும். அதிக வேகத்தில் வந்தால் பால்க் குஷனில் பட்டு வெளியே வரும். குஷனிலிருந்து ஒரு சாணுக்குள் நின்றால் மட்டும் தேறியது. ஈரக்காற்று நாளில் துணி மந்தமாக இருக்கும், அடியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். முதல் இரண்டு மூன்று அடியை அதற்காகவே ஒதுக்கிவிடுங்கள்.