சத்து மாத்திரையை நிறுத்திய அந்த ஒரு மாதம்

காலை ஆறரை மணி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கழிப்பறையில் இருபது நிமிடம் முக்கிவிட்டு எழுந்தபோது பீங்கானில் நாலைந்து சொட்டு ரத்தம், பளிச்சென்ற சிவப்பு. எனக்கு அப்போது 26 வாரம். ரத்தம் எந்த வழியாக வந்தது என்றே தெரியவில்லை. கை தானாக வயிற்றுக்குப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தை அசைகிறதா என்று காத்திருந்தேன். அசைந்தது. அப்புறம்தான் கதவைத் திறந்து கணவரைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தார்கள், கர்ப்பப்பையிலிருந்து கசிவு இல்லை என்று உறுதி செய்தார்கள். கடைசியில் டாக்டர் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஆசனவாய்ல வெடிப்பு இருக்கும்மா. மோஷன் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"சரியாப் போகலைங்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

பக்கத்தில் நின்ற கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கே தெரியாது. வாந்தி, கால் வீக்கம், நெஞ்செரிச்சல் எல்லாவற்றையும் வீடு முழுக்கச் சொல்லியிருந்தேன். இதை மட்டும் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் சொன்னேன். நாலாம் மாதத்திலிருந்து சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். தினம் ஒன்று, 180 நாள் போட வேண்டியது. போட ஆரம்பித்த சில நாளிலேயே மலம் கறுத்தது, இறுகியது. மாத்திரைதான் காரணம் என்று நானே முடிவு கட்டி, ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன். நர்சம்மா கேட்டால் "போடறேன்" என்பேன். அட்டைகள் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தன.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.7. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். இனிமேல் ஒன்றில்லை, தினம் இரண்டு மாத்திரை என்றார் டாக்டர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றுக்கே இந்தப் பாடு.

அவர் கோபப்படவில்லை. உட்கார வைத்து விளக்கினார். கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குடலின் அசைவை மந்தமாக்கிவிடும். மலம் அங்கேயே தங்கத் தங்க, அதிலிருக்கும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிவிடும். வளரும் கர்ப்பப்பையும் அழுத்தும். மாத்திரை அதைக் கூட்டியிருக்கலாம், ஆனால் மாத்திரை மட்டும் காரணமில்லை. நினைத்துப் பார்த்தேன், நிறுத்திய பிறகும் எனக்கு நிற்கவில்லையே.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்கூல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" நான் ஆசிரியை. பள்ளியில் எல்லா டீச்சர்களுக்கும் ஒரே கழிப்பறை, அதுவும் மைதானத்துக்கு அந்தப் பக்கம். அதனால் காலையில் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் சாயங்காலம் பாதியோடு வீடு திரும்பும். இதை நான் பெரிய விஷயமாகவே நினைத்ததில்லை.

லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார், ராத்திரி 15 மில்லி. அது உடம்பில் சேராமல் குடலுக்குள்ளேயே தண்ணீரை இழுத்து வைத்து மலத்தை இளக்கும் என்றார். ஒரே நாளில் கேட்காது, இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு மூன்றாம் நாள் கேட்டது. வெடிப்புக்கு ஒரு களிம்பு, அதோடு அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்காருவது, காலையும் மாலையும். வலிக்கு அந்தத் தண்ணீர் கொடுத்த சுகத்தைச் சொல்லி முடியாது.

இரும்பு மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு, காபி டீ பக்கம் போகாமல்; கால்சியம் மாத்திரையைத் தனியாகச் சாப்பாட்டோடு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாகச் சேராதாம். நான் அதுவரை எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடமும் சொன்னேன். "இதுக்கா கண்ணு தவிச்ச? எங்க காலத்துல விளக்கெண்ணெய்தான்" என்று பாட்டிலை எடுத்து வந்துவிட்டார். பாசத்தில் எடுத்து வந்தது. ஆனாலும் நர்சம்மாவுக்கு ஒரு போன் போட்டேன். கர்ப்பிணிக்கு விளக்கெண்ணெய் கூடவே கூடாது, கர்ப்பப்பை சுருங்கி வலி வந்துவிடலாம் என்று அத்தையிடமே பேசினார். பாட்டில் சாமி விளக்குக்குப் போய்விட்டது.

யாரோ சொன்னார்கள் என்று இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்துப் படுத்தது நான் செய்த இன்னொரு தவறு. மறுநாள் வயிறு கல்லாகிவிட்டது. அதற்குப் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் வேண்டும், குடித்த பிறகு இன்னொரு டம்ளரும் வேண்டும்.

சாப்பாட்டில் எனக்கு நிஜமாகக் கைகொடுத்தது கொய்யாதான். எங்கள் ஊர் பழனி, பக்கத்திலேயே ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர்போன ஊர். பஸ்ஸில் ஏறும் முன் இரண்டு பழம் வாங்கி, மதிய இடைவேளையில் தோலோடு மென்று தின்பேன். ராத்திரி ஊறவைத்த உலர் திராட்சை, வாரம் இரண்டு நாள் வாழைத்தண்டு, தினம் ஏதாவது ஒரு கீரை. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டியதில் முதல் வாரம் வயிறு உப்பியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருக்கலாம்.

உட்காரும் விதமும் மாறியது. எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட். பெரியவன் குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டப் போட்ட பிளாஸ்டிக் முக்காலியைக் காலடியில் வைத்து, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி, முன்னால் சாய்ந்து உட்காருவேன். முக்குவதில்லை. பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுவேன். ஐந்து மணிக்கே எழுந்து, இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்து, இட்லி சாப்பிட்டு, மொட்டை மாடியில் நாலு சுற்று நடந்தால் தானாகவே வயிறு கூப்பிடும்.

34 வாரத்தில் ஹீமோகுளோபின் 10.9.

39 வாரத்தில் சுகப்பிரசவம், தையல் போட்டார்கள். பிரசவத்துக்குப் பின் முதல் தடவை போவதற்கு இருந்த பயம் பெரிய பயம். முதல் பிரசவத்தில் பத்தியம் என்று பூண்டும் கருவாடும் சோறும்தான், தண்ணீர் குடித்தால் வயிறு தொப்பையாகும் என்று தொண்டை நனையத்தான் கொடுப்பார்கள். ஆறு நாள் வெளிக்குப் போகாமல் துடித்தேன். இந்தத் தடவை அத்தை வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டார். மூன்றாம் நாள் காலை நான் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தபோது, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"போச்சா கண்ணு?"

"போயிருச்சுங்க அத்தை."

"மாத்திரை?"

"இப்பப் போடறேங்க."

அட்டையையும் டம்ளரையும் அவரே எடுத்து நீட்டினார்.