கஜாவுக்குப் பின்: ஒரு கிராம சுகாதார செவிலியரின் நாட்குறிப்பு

17 நவம்பர் 2018, வேதாரண்யம் வட்டம்

நேற்று அதிகாலை கரை கடந்த கஜா புயல் எங்கள் ஊர்த் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டது. சாலையெங்கும் மரமும் மின்கம்பமும். 108 வர வழியில்லை. பேறுகாலம் நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்ததால் தப்பித்தோம். ஆனால் வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த ஒரு பெண்ணின் பெயர் என் பட்டியலில் இல்லை. பதிவு மாமியார் ஊரில் இருக்கிறது. கால் வீங்கியிருந்தது, இரத்த அழுத்தம் 150/100. மரங்களை அறுத்து வழிசெய்து டிராக்டரில் ஏற்றி அனுப்பினோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது ஊரறிந்த வழக்கம். பட்டியலுக்கு மட்டும் அது தெரிவதில்லை.

19 நவம்பர்

பள்ளிக்கூட முகாம். மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தொட்டி காலி. பெண்கள் இருட்டிய பிறகுதான் ஒதுங்கப் போகிறார்கள். அதற்காகப் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு என்று வருபவர்களுக்கு "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மாலையில் நிவாரண லாரி வந்தது. அரிசி, மெழுகுவத்தி, கொசுவத்தி, சேலை. சேலை முழுவதும் பாலியெஸ்டர். விலக்கான ஒரு பெண் அதைக் கிழித்து மடித்துப் பார்த்துவிட்டு, "இது ஈரத்தை இழுக்காது சிஸ்டர்" என்று என்னிடமே திருப்பித் தந்தாள். பழைய நூல் சேலை கேட்டு வீடு வீடாகப் போனேன். கிடைத்தாலும் துவைத்துக் காயப்போட மறைவு வேண்டுமே. வகுப்பறை மூலையில் கயிறு கட்டி, அதன்மேல் துப்பட்டாவைப் போர்த்தியிருக்கிறார்கள். வெயில் படாமல் ஈரத்தோடேயே மறுபடி எடுத்துக் கட்டுகிறார்கள்; அரிப்பு, புண்.

21 நவம்பர்

இன்னொரு லாரி. இதில் நாப்கின் இருந்தது, நல்ல விஷயம். லாரி மேல் நின்ற இளைஞர் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டிக் கூவினார். ஒரு பெண்ணும் அசையவில்லை. மூட்டையோடு வாங்கி உள்ளே வைத்தேன். அரைமணி நேரத்தில் தீர்ந்துவிட்டது.

குளிர்பதனப் பெட்டிக்கு ஜெனரேட்டர் வாடகை கொள்ளை விலை. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெப்பத்தில் வீரியம் போய்விடும். குளிர் தேவைப்படாத மிசோப்ரோஸ்டால் மாத்திரையைக் கூடுதலாகக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

24 நவம்பர்

நேற்று கார்த்திகை தீபம். மின்சாரம் இல்லாத ஊரில் விளக்குக்குப் பஞ்சமில்லை, எண்ணெய்க்குத்தான் பஞ்சம்.

மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டை நனைந்து போய்விட்டது என்று ஓர் அக்கா காதோடு சொன்னார். அவர் கணவருக்கு அதுவும் கேட்டுவிட்டது. "சோற்றுக்கே வழியில்லை, இப்போது மாத்திரைதான் கேடா?" என்றார். "வழியில்லாததால்தான் அண்ணே கேட்கிறார்கள்" என்றேன். ஆணுறையும் கொடுத்தேன், பேசாமல் வாங்கிக்கொண்டார். அந்தரா என்ற கருத்தடை ஊசிக்கு நாள் வந்தவர்களை இனித் தேடிப் பிடிக்க வேண்டும், பாதிப் பேர் உறவினர் வீடுகளில் இருக்கிறார்கள்.

2004 சுனாமியின்போது இதே கரையில் வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் வந்திருந்தார். குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டு, பிறகு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அரசே வழிசெய்தது அப்போதுதான். பேரிடரில் பெண்ணுக்குக் கருப்பை என்று ஒன்று இருப்பதை அரசு நினைத்துப் பார்த்த அபூர்வத் தருணம் அது.

28 நவம்பர்

நிவாரணத்துக்காகச் சேதக் கணக்கெடுப்பு நடக்கிறது. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து, 1,100 ரூபாய். ஆடு, மாடு, படகு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, கர்ப்பிணிக்கு இல்லை. படிவத்தின் ஓரத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். அலுவலர் முறைத்தார், ஆனால் வாங்கிக்கொண்டார்.

திருச்சியிலிருந்து ஒரு குழு தொலைபேசியில் என்ன கொண்டுவரலாம் என்று கேட்டது. இனி அரிசி வேண்டாம் என்றேன். உள்ளாடை எல்லா அளவிலும், நூல் துணி, நாப்கின், மூடியுள்ள வாளி, சோப்பு, டார்ச், மறைப்புக்குத் தார்ப்பாய். கூடவே விநியோகிக்க இரண்டு பெண்கள்.