ஒவ்வொரு ஃபோனும் ஒரு சாக்கை புடுங்கிட்டு போச்சு

நான் வேலைக்கு சேர்ந்தது 2002ல, சர்வர் மெயின்டனன்ஸ். ராத்திரி பகல்னு பாக்காம எது எப்ப படுத்தாலும் கூப்பிடுவோம், அதனால கையில ஃபோன் இருந்தே ஆகணும்னு மொத நாளே சொல்லிட்டாங்க. அப்படி வாங்கினதுதான் நோக்கியா 3310, புதுசு இல்ல, ஒருத்தர் பழகின செட். அப்ப அத பெருமையா சட்டை பாக்கெட்ல வச்சுக்கிட்டு திரிஞ்சேன், பாக்கெட் ஒரு பக்கமா தொங்கும், அது வேற பெருமை. கழுத்துல கயித்த நானே கட்டிக்கிட்டேன்னு புரிய ஒரு வருஷம் ஆச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த காலத்துல அந்த கயிறு ரொம்ப லூசு. சாக்கு சொல்றதுக்கு அவ்வளவு இடம் இருந்துச்சு. சிக்னல் இல்ல, சார்ஜ் இல்ல, ரிங் கேக்கல, மெசேஜே வரல, எது சொன்னாலும் நம்பித்தான் ஆகணும். எங்க சர்வர் ரூம் பேஸ்மென்ட்ல இருந்ததால "கீழ இருந்தேன் சார்"னு சொன்னா மேல ஒரு கேள்வி வராது. எத்தனையோ தடவை நெஜமாவே கீழ இருந்தேன், சில தடவை இல்ல.

வேல முடிஞ்சதும் ரிப்போர்ட் எஸ்எம்எஸ்ல அனுப்பணும், 160 எழுத்து, அதுக்குள்ள எந்த மெஷின், என்ன ஆச்சு, எப்ப சரியாச்சு எல்லாம் அடங்கணும். தமிழ் எழுத்துல அனுப்பற ஃபோனா இருந்தா 70 எழுத்துதான், அதனால ஆஃபீஸ்ல யாரும் அந்த பக்கமே போகல. வார்த்தைய தானா ஊகிக்கற டி9ல வராத வார்த்தைய ஒவ்வொரு எழுத்தா அமுக்கணும், எஸ் வேணும்னா 7ஐ நாலு தடவை. இங்கிலீஷ்ல சர்வர்னு அடிக்க மொத்தம் பதினேழு அமுக்கு, நான் எண்ணியிருக்கேன், ராத்திரி ரெண்டு மணிக்கு பேக்கப் ஓடி முடியற வரைக்கும் வேற என்ன பண்றது. இதனாலயே நாங்க எல்லாரும் உயிரெழுத்த எல்லாம் கழட்டி போட்டு எழுத கத்துக்கிட்டோம். இன்னிக்கும் என் கூட வேல பாத்த ஒருத்தர் மெயில் கூட அப்படித்தான் எழுதுவார், ஏதோ அவர்கிட்ட எழுத்துக்கு காசு வாங்கற மாதிரி.

அந்த ஃபோன்ல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஃபோன்லயே இல்ல, பக்கத்துல இருந்த கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. கால் வர்றதுக்கு ஒரு ரெண்டு செகண்ட் முன்னாடி ஸ்பீக்கர்ல "டிடிட் டிடிட் டிடிட்"னு ஒரு கரகரப்பு வரும், ஞாபகம் இருக்கா? 2ஜி ஃபோன் நிறுத்தாம சிக்னல் அனுப்பாது, விட்டு விட்டு செகண்டுக்கு 217 தடவை அனுப்பும், அந்த துடிப்ப ஸ்பீக்கர் ஒயர் புடிச்சுக்கிட்டு சத்தமா துப்பும். காரணமெல்லாம் பின்னாடி தெரிஞ்சுது, பலன் அப்பவே தெரியும். அந்த கரகரப்பு வந்த உடனே ஃபோன மேஜையில வச்சுட்டு எழுந்து பாத்ரூம் பக்கம் நடக்க ஆரம்பிச்சுடுவேன், நான் கதவு தாண்டறப்பதான் ரிங்கே அடிக்கும். "டேபிள்ல வச்சுட்டு போயிட்டேன் சார்". பொய்யே இல்ல பாருங்க. 3ஜி வந்தப்புறம் சிக்னல் விடாம போக ஆரம்பிச்சு அந்த சத்தம் காணாம போச்சு. எல்லாரும் தொல்லை விட்டுச்சுன்னாங்க, எனக்குத்தான் யாரோ வேண்டப்பட்டவங்க போன மாதிரி இருந்துச்சு.

அடுத்தது நோக்கியா 1100. டார்ச் இருந்துச்சு, ரேக்குக்கு பின்னாடி கேபிள் தேடறதுக்கு வாயில கடிச்சுக்கிட்டு வேல பாத்திருக்கேன், அப்படி ஒரு ஃபோன் இனிமே வராது. அது உலகம் பூரா 25 கோடிக்கு மேல வித்ததுன்னு படிச்சப்ப ஆச்சரியமே படல. கஷ்டம் என்னன்னா அதோட பேட்டரி பிஎல்-5சி. எங்க மேனேஜர் வச்சிருந்தது நோக்கியா 6600, அப்ப அது பெரிய மனுஷங்க ஃபோன், கேமரா எல்லாம் உண்டு. அந்த 6600க்கும் என் 1100க்கும் ஒரே பேட்டரி.

ஒரு நாள் மீட்டிங் நடுவுல அவர் கிளையண்ட்கிட்ட பேசிட்டு இருக்கறப்ப ஃபோன் பொட்டுனு அணைஞ்சு போச்சு. மனுஷன் சுத்தி எல்லாரையும் ஒரு பார்வை பாத்தாரு, என் பாக்கெட்ட பாத்தாரு, "உன்னோடது 1100 தானே, பேட்டரிய குடுப்பா"ன்னாரு. நகத்த விட்டு பின்பக்க மூடிய தள்ளி, பேட்டரிய நெம்பி எடுத்து, சட்டையில தொடச்சு குடுத்தேன். எதுக்கு தொடச்சேன்னு இன்னி வரைக்கும் தெரியல. அவர் அத போட்டுக்கிட்டு பேசிக்கிட்டே வெளிய போயிட்டாரு, திரும்பி வந்தது மறுநாள் சாயங்காலம்.

அந்த ஒன்றரை நாள் இருக்கே. கையில ஃபோன் இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல, எடை கூட கொறஞ்சு போயி பொம்மை மாதிரி இருந்துச்சு. யாராவது ஏன் எடுக்கலன்னு கேட்டா மேனேஜரே சாட்சி. ராத்திரி முழுசா தூங்கினேன், காலைல எழுந்து பாத்தா ஒண்ணும் குடி முழுகல, சர்வர் எல்லாம் சமத்தா ஓடிக்கிட்டு இருந்துச்சு. பேட்டரி திரும்ப வந்து போட்டதும் ஃபோன் மணி என்னன்னு கேட்டுச்சு, குடுக்கவே மனசு வரல. ஆனா அன்னியோட சார்ஜ் சாக்கு செத்து போச்சு, ஏன்னா மேனேஜர் அடுத்த வாரமே நாலு பிஎல்-5சி வாங்கி டிராயர்ல போட்டு வச்சுட்டாரு. 2007ல நோக்கியா 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி சூடாகலாம், மாத்தி தர்றோம்னு அறிவிச்சப்ப அந்த டிராயர் மேல ஒரு கண்ணு வச்சேன். அவர் நம்பர் எல்லாத்தையும் உக்காந்து செக் பண்ணாரு, ஒண்ணு கூட அந்த லிஸ்ட்ல இல்ல.

அப்புறம் ஆஃபீஸ்ல பிளாக்பெர்ரி குடுத்தாங்க. அத பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, மூலையில ஒரு செவப்பு லைட்டு மினுக் மினுக்குன்னு, அவ்வளவுதான் ஞாபகம். தலைகாணி பக்கத்துல கவுத்து வச்சா கூட அந்த லைட்டு துணியில தெரியும். "மெயில் பாக்கல"ங்கற சாக்கு அதோட போச்சு.

டச் ஃபோன் மாத்தினது 2012ல, அதுக்கப்புறம் எத்தனை மாத்தினேன், எது என்ன மாடல்னு கேட்டா முழிப்பேன், எல்லாம் ஒரே கறுப்பு கண்ணாடி. பேஸ்மென்ட்லயும் வைஃபை போட்டாங்க, சிக்னல் இல்லாத இடத்துலயும் வாட்ஸ்அப் வந்து குதிச்சுது, கடைசி கோட்டையும் விழுந்துச்சு. மிச்சம் இருந்த ஒண்ணே ஒண்ணு "பாக்கல சார்". 2014 நவம்பர்ல நீல டிக் வந்து அதுக்கும் பால ஊத்தியாச்சு. செட்டிங்ஸ்ல அத நிறுத்தற வசதி வந்ததும் மொத ஆளா நிறுத்தினேன். ஆனா குரூப்ல அது செல்லாது, மெசேஜ அழுத்தி புடிச்சு இன்ஃபோ பாத்தா யார் யார் படிச்சாங்கன்னு வரிசையா காட்டும். இத எங்க மேனேஜர் எப்படியோ கண்டுபுடிச்சுட்டாரு. ஒருத்தர்கிட்ட கேக்க வேண்டியத கூட குரூப்ல போடுவாரு.

அந்த மேனேஜர் ரிட்டயர் ஆகி போயாச்சு. அவர் சீட்ல இப்ப நான். போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்டோரேஜ் ஒண்ணு மக்கர் பண்ணுச்சு, குரூப்ல போட்டேன். பத்து நிமிஷம் ஒருத்தனும் வாய தொறக்கல. கை தானா போயி மெசேஜ அழுத்தி புடிச்சுது. படித்தவங்கன்னு நாலு பேரு, அதுல அன்னிக்கு ஆன் கால்ல இருந்த பையன் பேரு முதல்ல, 11:31.

கூப்பிட்டேன், எடுக்கல. வேற ஒருத்தர வச்சு வேலைய முடிச்சேன். காலைல வந்தவன் நேரா என் மேஜைக்கு வந்து, "சார், ஃபோன் ஆஃப் ஆயிடுச்சு, சார்ஜ் இல்ல"ன்னான். கண்ணு கீழ சரியா உப்பி இருந்துச்சு, வரிசையா நாலாவது ராத்திரி ஷிஃப்ட் அவனுக்கு. 11:31 நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"டிராயர்ல சார்ஜர் கிடக்கு, எடுத்துக்கோப்பா"ன்னேன்.