சும்மா இருக்கும் கணினிக்கு 43 பாகை: கூலரின் பிழையா, இணுவில் வெயிலா?

விசிறி மட்டும் உள்ள கூலரோ, நீர் ஓடும் லிக்விட் கூலரோ, எதுவாக இருந்தாலும் தன்னைச் சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ச்சியாகப் புரோசசரை வைத்திருக்க அதனால் முடியாது. லிக்விட் கூலரில் நீரின் சூட்டை வெளியே விடும் தகட்டுக் கூடான ரேடியேட்டர் வெப்பத்தைக் கொட்டுவது அறைக் காற்றில்தான். அந்தக் காற்றே 33 பாகை என்றால், கணக்கு 33க்கு மேலேதான் தொடங்கும். எங்கள் ஊரில் கணினி பூட்டும் ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். காசு சேர்த்து லிக்விட் கூலர் வாங்கிப் பூட்டுகிறார்கள். எந்த வேலையும் ஓடாதபோதே திரையில் 43 என்று கண்டதும் முகம் வாடிவிடுகிறது. வாடத் தேவையில்லை.

நான் யாழ்ப்பாணத்து இணுவிலில் கலியாண வீடியோக்கள் எடிட் செய்கிறவன். என்னிடம் இருப்பது 12 கோர் (கணக்கிடும் தனித்தனிப் பகுதிகள்) கொண்ட, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 9 5900எக்ஸ் புரோசசர், அதன் மேல் 240 மில்லிமீற்றர் ரேடியேட்டர் உள்ள கூலர். ரொறன்ரோவில் மச்சானிடமும் இதே இரண்டும் உண்டு. அவனுடைய கணினி சும்மா இருக்கும்போது 31 காட்டும். "கழற்றித் திரும்பப் பூட்டு மச்சான், பேஸ்ட் சரியாகப் பரவவில்லை" என்று எழுதினான். புரோசசருக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தப் பூசும் பசையைத்தான் சொன்னான். அவனுடைய அறை வெப்பத்தைக் கேட்டேன். 21. என் அறை வைகாசி மதியத்தில் 33. மேலே கொங்கிறீற் தளம், பகல் வெயிலை வாங்கி வைத்து இரவிலும் இறக்கிக்கொண்டிருக்கும். அவனுக்கும் வித்தியாசம் 10, எனக்கும் 10. இரண்டு கூலரும் ஒரே அளவு வேலையைத்தான் செய்கின்றன.

ஆகவே பார்க்க வேண்டிய எண் இந்த வித்தியாசம்தான். அறை வெப்பத்தை அளக்கும்போது வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல், ரேடியேட்டர் காற்றை இழுக்கும் பக்கத்தில் வையுங்கள். கேஸின், அதாவது கணினிப் பெட்டியின், மேற்புறத்தில் பூட்டிய ரேடியேட்டர் உள்ளே இருக்கும் காற்றைத்தான் வெளியே தள்ளுகிறது. அது கிராஃபிக்ஸ் கார்ட் ஏற்கெனவே சூடாக்கிய காற்று.

பழைய காற்றுக் கூலரோடு ஒப்பிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் ஓரிரு பாகைதான் குறையும். காரணம் புரோசசருக்குள் இருக்கிறது. 5900எக்ஸின் கோர்கள் இரண்டு சின்னஞ்சிறு சில்லுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 சதுர மில்லிமீற்றர். நினைவகத்தைக் கவனிக்கும் மூன்றாவது சில்லு, கோர்கள் உறங்கினாலும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். பின்னணியில் ஏதாவது சிறு வேலை வந்தால் ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும். எண் ஒரு நொடியில் 10 பாகை ஏறி இறங்கும். வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளைத் திறப்பதே அப்படி ஒரு தாவலுக்குப் போதும். அவ்வளவு சிறிய இடத்தில் பிறந்த சூடு புரோசசரின் உலோக மூடியைக் கடந்து நீரை வந்தடைவதற்குள் தாவல் முடிந்துவிடும். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயோஸில் தெரியும் எண்ணையும் நம்பாதீர்கள். அங்கே மின்சேமிப்பு முழுதாக வேலை செய்யாததால் அது பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.

கூலரின் பெறுமதி தெரிவது நீண்ட வேலையில். முழு வேகத்தில் என் புரோசசர் 142 வாட் வரை எடுக்கும். நீருக்கு வெப்பக் கொள்ளளவு அதிகம் என்பதால் அது மெல்ல மெல்லத்தான் சூடேறும். ஐந்து நிமிடம் சோதித்துவிட்டு மகிழவும் கூடாது, கவலைப்படவும் கூடாது. அரை மணி நேரமாவது விடுங்கள். கலியாண வீடியோ ஒன்று ரெண்டர் ஆகும்போது, அதாவது எடிட் முடிந்து முழு வீடியோவாக உருவாகும்போது, எனக்கு 82இல் நின்றது. இந்தப் புரோசசருக்கு ஏஎம்டி சொல்லும் எல்லை 90. முன்பு காற்றுக் கூலரில் மதிய வேளைகளில் 90ஐத் தொட்டு வேகம் விழும். அந்தத் தொல்லை நீங்கியதற்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

உண்மையான பிழை வேறு மாதிரித் தெரியும். ஒரு வேலையும் ஓடாமல் எண் 60, 70 என்று நிற்காமல் ஏறினால் கணினியை உடனே நிறுத்துங்கள். நீரைச் சுற்றவைக்கும் பம்பின் வயர் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா, அதன் சுழற்சி வேகம் பயோஸில் தெரிகிறதா, புரோசசர் மேல் அமரும் செப்புத் தட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டதா என்று பாருங்கள். புரோசசர் கொதிக்கும்போது ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்து கிடந்தால் நீர் ஓடவில்லை என்று அர்த்தம். கேஸின் முன்புறத்தில் ரேடியேட்டரைப் பூட்டுகிறவர்கள், அதன் மேல் விளிம்பு பம்பை விட உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ் மேலே போய்த் தங்க அந்த இடம் வேண்டும்.

இனி எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்று. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் தோட்டங்களின் செம்புழுதி யன்னல் வழியே வந்து ரேடியேட்டர் இடுக்குகளில் படியும். பூட்டிய அன்று உங்கள் வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக் கேஸின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அறை வெப்பத்தைக் கழித்த பின்பும் அது நாலைந்து பாகை கூடியிருந்தால், கூலரைக் கழற்றாமல் முதலில் ஒரு மென்மையான தூரிகையை எடுங்கள்.